கிழங்கு இல்லாத தோட்டம்

பிற்பகல் மூன்று இருபதுக்குச் செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஏழாம் வகுப்பு அறிவியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். போனில் என் கணவர் பெயர் வந்தது. எடுத்ததும், "வரும்போது பால் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க, காலையில திரிஞ்சு போச்சு" என்றேன்.

 அந்தப் பக்கம் வேறொரு ஆண் குரல்.

"அம்மா, நான் சீயமங்கலத்துல இருந்து பேசறேன். சார் நம்ம மனையை அளந்துக்கினு இருந்தாரு. டேப்பைப் புடிச்சபடியே குந்திட்டாரு. வெயிலாச்சேன்னு தண்ணி எடுக்கப் போனேன் நான். திரும்பி வந்து பாத்தா சாஞ்சு கெடக்குறாரு."

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டார்களாம். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த அந்த வீட்டுக்காரர், இருபத்தாறு அடி வரைக்கும் அளந்தாகிவிட்டது என்றும் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. அவருக்கும் என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது.

என் கணவர் தமிழ்ச்செல்வனைச் செஞ்சியில் பிளான் தமிழ் என்றால்தான் தெரியும். காந்தி பஜாரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் சின்ன அறை. அங்கே உட்கார்ந்து இருபத்து மூன்று வருடம் வீட்டுப் பிளான் போட்டார். பெரிய கட்டடம் எதுவும் அவர் கைக்கு வந்ததில்லை. இரண்டு அறை வீடு, மாடிப்படி, சுற்றுச்சுவர், கல்யாணத்துக்கு முன்னால் அவசரமாகக் கட்டுகிற குளியலறை, இவைதான். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் பென்சிலால்தான் போடுவார். வீட்டுக்காரர்களிடம் கடைசியாக, "பின்னாடி ஆறடி வுடுங்க" என்பார். "எதுக்கு சார், அங்க ஒரு ரூம் வருமே" என்பார்கள். பாதிப்பேர் விடமாட்டார்கள். அவரும் இரண்டாம் தடவை சொல்லமாட்டார்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டின் பின்னால் இருந்த பதினெட்டுக்கு இருபத்திரண்டு அடி இடத்தில் ஒன்பது வருடம் உடைந்த செங்கல்லும் ஓடாத ஸ்கூட்டரும்தான் கிடந்தன. அவர் சிங்கவரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போட்டு, களை எடுத்து, போதும் போதும் என்றாகித்தான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாராம். செடி வைக்கும் ஆசை அவருக்கு இருந்ததே இல்லை. அந்தத் தோட்டம் வந்த காரணம் வேறு. என் அம்மா எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதனால் வந்தது.

நான் மேல்சித்தாமூர். சமண நயினார் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. வேரோடு பிடுங்கினால் செடி சாகிறது, அதைப் பற்றிக்கொண்டு மண்ணுக்குள் இருக்கும் உயிர்களும் சாகின்றன. பொழுது போனால் சாப்பாடு இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். மாடியில் ஒரு அறை கட்டலாம் என்று என் அப்பா, நைனா, நினைத்தபோது அளந்து பிளான் போட வந்தவர்தான் இவர். மேலே அறை கட்ட வந்தவன் கீழே இருந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று ஊரில் சிரித்தார்கள். அந்த அறையை நைனா கட்டவே இல்லை. 2010இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் திருமணம் நடந்தது. அதற்குப் பிறகு இறக்கும்வரை நைனா துரைராஜ் என்னோடு பேசவில்லை.

2019இல் நைனா இறந்த பிறகு, ஒரு மத்தியானம் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பெயர் ஜெயம். மெலிந்த உருவம், உரத்த குரல். கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். ஒன்றரை மணி நேரம் இருந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். "வேணாம்" என்றாள். சாப்பிடச் சொன்னேன். "இருக்கட்டும்" என்றாள். நான் விடாமல் கேட்டதால், "காய் எங்கிருந்து வந்துச்சோ, இன்னா மருந்து அடிச்சானோ, வெங்காய மூட்டையோட உரசிக்கினு வந்துச்சோ, யாருக்குத் தெரியும்?" என்றாள். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அது ஒரு சாக்கு. எனக்குத் தெரியும். மகள் வீட்டில் சாப்பிட்டால் நைனா கடைசிவரை பிடித்த பிடிவாதத்துக்கு அர்த்தமில்லாமல் போய்விடும் என்பதுதான் உண்மை. ஆனால் இவர் அந்தச் சாக்கையே ஓர் அளவுக் குறிப்பாக எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் சொல்லும் அளவைக் குறித்துக்கொள்கிற மாதிரியே, "காய் எங்கிருந்து வந்ததுன்னு தெரியணும். மருந்து கூடாது. வெங்காயம் பக்கத்துல இருக்கக்கூடாது. வேற?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணுமில்ல. அவங்க வரமாட்டாங்க, வுடுங்க" என்றேன்.

"வந்தா?"



அடுத்த வருடம் ஊரடங்கு வந்தது. கட்டட வேலை நின்றது. அவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் பின்பக்கத்தை வரைந்தார். வடக்கு எது என்று அம்புக்குறி. வெயில் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று மூன்று நாள் சுவரில் கரிக்கோடு போட்டுப் பார்த்தார். செஞ்சி வெயிலில் மலைப் பாறைகள் எல்லாம் பகலில் குடித்த சூட்டைச் சாயங்காலம் திருப்பித் தரும். அதனால் மேற்கே அவரைப் பந்தல், அதன் நிழலில் கீரை. கிழக்கு வேலியில் காராமணி. நடுவே வெண்டை, கொத்தவரை. ஒரு மூலையில் புடலை. ஜன்னலுக்கு W1, கதவுக்கு D1 என்று எழுதிப் பழகிய கை, பாத்திகளுக்கும் P1, P2 என்று எழுதியது.

"மல்லாட்டை போடலாமா? அதுவும் மண்ணுக்குள்ளதானே வெளையுது?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அது வேர் இல்லங்க, விதை. செடி காஞ்சப்புறம் எடுக்கறது. சாப்பிடலாம்."

"அடேயப்பா. எங்க நைனா அம்பது வருசமா உங்க சட்டப்படிதான் பயிர் வச்சிருக்காரு, அவருக்கே தெரியாது!" என்று சிரித்தார்.

வேலை சிரிப்பாக இல்லை. கடப்பாரை ஒரு அடி போனால் பாறையில் இடித்தது. ஆறு பாத்தியில் மூன்றை மேலே மண் கொட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. சிங்கவரத்தில் அவர் அண்ணன் வயலிலிருந்து ஒரு டிராக்டர் மண் வந்தது. எண்ணெய்ச் செக்கிலிருந்து மல்லாட்டைத் தோலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து செடி அடியில் பரப்பினார், ஈரம் நிற்க. எங்கள் வீட்டில் அதற்கு முன்பே மீன் சமைப்பது நின்றிருந்தது. அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொள்வார். ஊரடங்கில் வெங்காயமும் நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாள் வெங்காயக் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அவ்வளவுதான்.

பூச்சிதான் பெரிய சண்டை. மருந்து கூடாது, கொல்லவும் கூடாது என்று அவரே விதி வைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் வெண்டைச் செடியில் இருக்கும் புழுக்களை இலையோடு கிள்ளி எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிடுவார். அந்தப் பக்கம் குஞ்சம்மாள் வீடு. ஆடு வளர்ப்பவள். அவளும் நாலு கத்தரிச் செடி வைத்திருந்தாள். பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் சுவருக்கு மேலே தலை தெரிந்தது.

"இன்னாபா தமிழு, உன் மாமியாருக்குப் புண்ணியம், என் கத்திரிக்காய்க்குப் புழுவா?"

"இல்லக்கா, அது தானா வந்திருக்கும்."

"தானா வந்துச்சா? எலையோட பறந்து வந்துச்சா? உன் மாமியா வந்து சாப்பிடற அன்னிக்கு எனக்கும் ஒரு எலை போடு. இல்லன்னா எல்லாத்தையும் பொறுக்கி உன் ஊட்டு வாசல்ல கொட்டுவேன்."

பிறகு ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் புழுக்களைச் சேர்த்து, ஆபீஸ் போகும்போது ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போவார். வண்டியின் முன்னால் அந்த வாளி தொங்கும். பார்த்தவர்கள் தயிர் என்று நினைத்திருப்பார்கள்.

தை மாதம் எல்லாம் சேர்ந்து காய்த்தது. அவரை பந்தலை மறைத்துக்கொண்டு தொங்கியது. அம்மா பேங்க் வேலையாகப் புதன்கிழமை செஞ்சிக்கு வருகிறாள் என்று என் தம்பி போனில் சொன்னான். இவர் செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போகவில்லை. புதுப் பாத்திரம் வாங்கிக் கழுவினார். குழாயில் வெள்ளைத் துணி கட்டினார். புதன் விடிந்ததும் பறித்தார். அவரைப் பொரியல், வெண்டைக்காய் மோர்க்குழம்பு, புடலங்காய்க் கூட்டு, முளைக்கீரை மசியல். நான் சமைக்கச் சமைக்க வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். பேங்க் வாசலுக்கே போய் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான். எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று கேட்டேன். "தோட்டத்தைப் பாத்துட்டுப் போங்கன்னேன். சாப்பாட்டைப் பத்திப் பேசல" என்றார்.

அம்மா பின்வாசல் படியில் நின்று தோட்டத்தைப் பார்த்தாள். கீழே இறங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள். மருந்து? இல்லை. எந்தத் தண்ணி? போர் தண்ணி, வடிகட்டினது. கிழங்கு? ஒண்ணுகூட இல்லை. கேட்க இன்னும் எதுவும் மிச்சமில்லை என்ற இடத்துக்கு வந்தாள். நான் மூடிகளைத் திறந்து காட்டினேன்.

அவள் ஒவ்வொரு பாத்திரத்தையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "மது, இன்னிக்குச் சதுர்த்தசி" என்றாள்.

 மறுநாள் தைப்பூசம், பௌர்ணமி என்று எங்கள் இருவருக்குமே தெரியும். பௌர்ணமிக்கு முந்தின நாள் சதுர்த்தசி. அன்றும் அஷ்டமியன்றும் அம்மா வீட்டில் பச்சைக் காய் எதுவும் தொடமாட்டார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். அவரிடம் நூறு விதி சொன்ன நான் அதைச் சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது. அம்மா வருத்தப்பட்டது சமையலுக்காக இல்லை என்று நினைக்கிறேன். நான் மறந்ததற்காகத்தான்.

"அப்படின்னா?" என்றார் இவர்.

"பச்சைக் காய் சாப்பிட மாட்டாங்க. இன்னிக்கு மட்டும்."

எட்டு மாத வேலை. வேறு யாராவது என்றால் கரண்டியை எறிந்திருப்பார்கள். நானே அழுதிருப்பேன். இவர் மோவாயைச் சொறிந்தார். கட்டி முடித்த சுவர் அரை அடி விலகியிருந்தால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். பிறகு முதல்முறையாக விதியை அம்மாவிடமே நேராகக் கேட்டார்.

"காஞ்சது சாப்பிடலாமா அத்தை?"

அம்மா கொஞ்சம் தயங்கி, "காஞ்ச பருப்பு, பயிறு சாப்பிடலாம்" என்றாள்.

அவர் வேலிப் பக்கம் ஓடினார். காராமணியில் விதைக்கென்று விட்டிருந்த கொடியில் நெற்றுகள் பழுப்பாகக் காய்ந்து சலசலத்துக்கொண்டிருந்தன. அத்தனையையும் பறித்து முறத்தில் கொண்டுவந்து, கூடத்தில் உட்கார்ந்து மளமளவென்று உடைக்க ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"இப்படி ஒடைச்சா உள்ள இருக்கற வண்டு இன்னா ஆவும்? கொஞ்சங்கூடப் பாக்க மாட்டீங்களா? இங்க குடுங்க."

முறத்தை அவரிடமிருந்து பிடுங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். கால் மடித்து உட்கார்ந்தாள். ஒரு நெற்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். ஓட்டை இருந்தால் தனியாக வைப்பாள். இல்லாவிட்டால் நகத்தால் முதுகைக் கீறி மெதுவாகப் பிரிப்பாள். ஓட்டை இருந்ததை எல்லாம் இவர் கொண்டுபோய்க் கொடிக்கு அடியிலேயே வைத்துவிட்டு வந்தார். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மூன்று மணி பஸ் போய்விட்டது. அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், அடுத்த நெற்றை எடுத்தாள்.

ஊறவைக்க நேரமில்லை. வாணலியில் வறுத்துக் குக்கரில் போட்டேன். கறிவேப்பிலைகூட இல்லாமல், புளியும் மிளகாய்த்தூளும் மட்டும் போட்டு ஒரு குழம்பு. ஐந்தேகாலுக்கு அம்மா சாப்பிட உட்கார்ந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. இவர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். முதல் வாய் போட்டு மென்றாள். யாரையும் பார்க்காமல், "உப்பு கம்மி" என்றாள்.

இவர் உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

நாங்கள் இரண்டு பேரும் அந்த நாலு பச்சைக் காயையும் இரண்டு நாள் சாப்பிட்டோம். குஞ்சம்மாளுக்குத் தனியாக ஒரு தூக்கு போனது. "உன் மாமியா சாப்பிடாததை எனக்குத் தர்றியா?" என்று கேட்டுக்கொண்டேதான் வாங்கினாள்.

அதற்குப் பிறகு தோட்டத்தின் பிளான் மாறியது. பாதி பச்சைக்கு, பாதி காய விடுவதற்கு என்று திருத்தி வரைந்தார். காராமணி, மொச்சை, துவரை எல்லாம் இரண்டாவது பாதி. தினசரிக் காலண்டரில் அஷ்டமி, சதுர்த்தசிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். ஆபீசில் பிளான் போட வந்தவர்களிடம், "அன்னிக்கு வேணாம், சதுர்த்தசி, ஊட்டுக்கு ஆள் வருவாங்க" என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. அம்மா மாதம் இரண்டு முறை வந்தாள். வேண்டுமென்றே அந்த நாட்களில் வருகிறாளோ என்றுகூடத் தோன்றும்.

மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவந்து ஒரு வைகாசியில் புடலைப் பந்தலைப் பிய்த்துப் போட்டன. இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "போனை அவர்கிட்ட குடு" என்றாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். "மாப்ள, அதுங்களும் சாப்பிடணும் இல்ல? அடுத்த தபா நாலு விதை சேத்து ஊணுங்க" என்றாள். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மாப்ள என்று அவள் அதற்கு முன் கூப்பிட்டதில்லை. அன்று சாயங்காலமே நாலு விதை சேர்த்து ஊன்றிவிட்டார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. பேச்சு முழுக்கச் செடிகளைப் பற்றியே ஆனது. எது பூத்தது, எது வாடுகிறது, அத்தைக்கு எதைக் கொடுத்தனுப்புவது. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது படம் அனுப்புவார். படத்தில் பூசணிப்பூ, பக்கத்தில் அளவு தெரிய ஆறு அங்குல ஸ்கேல். அந்த ஆறு வருடத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததாக நினைவில்லை. சின்னச் சண்டைகள் தண்ணீர் ஊற்றும் நேரத்தைப் பற்றியவை.

இந்த வருடம் மாசியில் அவர் ஒன்றைக் கவனித்தார். அம்மா இத்தனை வருடமாகத் தோட்டத்துக்குள் இறங்கியதே இல்லை. படியில் நின்றே, "அந்தக் காயைப் பறி, அது முத்திடுச்சு" என்று கையைக் காட்டுவாள். மண்ணில் எறும்பும் மண்புழுவும் இருக்கும், கால் வைக்க மாட்டாள். "அவங்க கையால ஒரு காய்கூடப் பறிச்சதில்ல மது" என்றார். கடப்பாக் கல்லில் ஒன்பது துண்டு வாங்கி வந்தார். படியிலிருந்து பந்தல்வரைக்கும், கல்லில் மட்டும் கால் வைத்துப் போய்வருகிற மாதிரி. கல்லுக்கு அடியில் எறும்பு கூடு கட்டாமலிருக்க, மண்ணைச் சலித்து, கருங்கல் தூளைப் பரப்பி, மட்டம் பார்த்து. அம்மா குளித்துவிட்டு வந்தபோது தரையில் விழுந்த ஈரக் காலடிகளை, அவள் அந்தப் பக்கம் போனதும் குனிந்து டேப்பால் அளந்தார். "பதினாலு இன்ச். உன்னோடது பதினெட்டு" என்றார். என்னுடையதை எப்போது அளந்தார் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு கல்லாகப் பதித்தார்.

பங்குனியில் அந்தப் போன் வந்தது.

சீயமங்கலத்திலிருந்து அவரைக் கொண்டுவருவதற்கு முன்னாலேயே அம்மா வந்துவிட்டாள். காரியம் முடியும்வரை இருப்பாள் என்று நினைத்தேன். முடிந்த பிறகும் போகவில்லை. தம்பி இரண்டு முறை கூப்பிட வந்தான். "தோட்டத்துக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணும். இவ ஸ்கூலுக்குப் போயிடறா" என்று திருப்பி அனுப்பினாள். அது சாக்கு என்று எனக்குத் தெரியும். நானும் அவரைப் போல அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

காலையில் எழுந்ததும் அம்மா படியிலிருந்து கல்லில் இறங்குகிறாள். ஒன்று, இரண்டு என்று கால் மாற்றி வைத்துப் போகிறாள். ஒரு கல்லுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி அவள் நடைக்கு ஒரு விரல்கூடப் பிசகவில்லை. வெண்டையும் கொத்தவரையும் அவள் கைக்கு எட்டுகின்றன. அவற்றைப் பறித்துக்கொண்டு ஆறாவது கல்லில் நின்றுவிடுகிறாள். அவரைப் பந்தல் இன்னும் நாலடி தள்ளி இருக்கிறது. மீதி மூன்று கற்களும் ஸ்கூட்டர் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்தபடி இருக்கின்றன. அவற்றின் மேல் அவர் சாக்பீஸால் 7, 8, 9 என்று எழுதியிருக்கிறார்.